தோன்றா எழுவாய்

பங்குதாரர் ஒருவரே. பெயர் அரசு.
ஆண்டுக்கொரு முறை அவர் பொதுக்கூட்டத்துக்கு வரவேண்டும்
என்கிறது சட்டம்.
இந்த ஆண்டு அவருக்கு இருபத்தேழு வயது,
பெயர் தெமூலென், கடுமையான ஜலதோஷம்.
உலான்பாத்தரிலிருந்து காலை விமானத்தில் வந்து இறங்கினார்.
முத்திரையிட்ட அதிகாரக் கடிதம் ஒரு கையில்,
கைக்குட்டை மறு கையில்.

கெர்லென் ஆற்றங்கரை வெப்ப நிலையத்தின் அரங்கில்
நாற்பது நாற்காலி போட்டிருந்தோம்.
முதல் வரிசை ஓரத்தில் ஒன்றில் அவர் உட்கார்ந்தார்.
மிச்ச முப்பத்தொன்பதையும் பார்த்துத்
தலைவர் லுவ்சன்தோர்ஜ் குனிந்து வணங்கினார்:
"மதிப்புக்குரிய பங்குதாரர்களே."

நான் ஒயுன்பிலெக், கூட்டக்குறிப்பு எழுதுபவள்.
வருகை நூறு சதவீதம் என்று எழுதினேன்.

வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்து நான்கு.

கணக்கு வாசிக்கப்பட்டது.
மருத்துவமனை எங்களுக்கு வெப்பக் கட்டணம் தரவில்லை,
நாங்கள் சுரங்கத்துக்கு நிலக்கரிப் பணம் தரவில்லை,
சுரங்கம் ரயிலுக்குத் தரவில்லை,
ரயில் வரி கட்டவில்லை,
வரி வராததால் மருத்துவமனைக்குப் பணம் போகவில்லை.
ஒரே ஆள் உடுத்திய ஒரே அங்கி;
அதன் மடிப்புகளுக்குள் அவரது வலது கை
இடது கையைக் கடன்காரன் என்று தேடுகிறது.

"நஷ்டம் ஏன்?" என்று கேட்டார் பங்குதாரர், தும்மலுக்கு முன்.
விலையை அடக்கச் செலவுக்குக் கீழே வைத்தது
அவரேதான், ஆனால் இரண்டாம் மாடியில்.
கேள்வி கேட்டு அனுப்பியது ஐந்தாம் மாடி.
அந்தக் கட்டடத்தில் லிப்ட் உண்டு என்று கேள்வி.

சுயேச்சை இயக்குநர் மூவர் இருக்கவேண்டும். இருந்தார்கள்.
ஒருவர் அமைச்சரின் மைத்துனிக்குச் சுயேச்சை,
ஒருவர் கட்சிக்கு.
மூன்றாமவர் கால்நடை மருத்துவர்;
அவர் மட்டும் அறிக்கையைப் படித்துவிட்டு வந்திருந்தார்,
பதினெட்டாம் பக்கத்தில் விரலை வைத்தபடி.

ஆறாவது பொருள்: மூன்றாம் கொதிகலனுக்குப் புதுக் குழாய்கள்.
கால்நடை மருத்துவர் வாயைத் திறந்தார்.
தலைவரின் கைபேசி அதிர்ந்தது.
அவர் நடைவழிக்குப் போனார்,
நான்கு நிமிடம் சுவரைப் பார்த்துத் தலையாட்டினார், வந்தார்.
குழாய்கள் ஒத்திவைக்கப்பட்டன.
நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஏழாவது பொருளில்
புதிய துணை இயக்குநர் நியமிக்கப்பட்டார்.

பட்டது, பட்டன, பட்டார்.
எழுவாய் தோன்றாமலே ஒரு வாக்கியம்
நிமிர்ந்து நின்று கையெழுத்தும் வாங்கும்;
இதைக் கற்க எனக்கு ஒன்பது ஆண்டுகள் ஆயின.
நடைவழித் தொலைபேசிக்கு இலக்கணத்தில் இடமில்லை.

வாக்கெடுப்பு.
தெமூலென் கைக்குட்டையோடு கையை உயர்த்தினார்.
தலைவர் ஒரு கையை இரண்டு முறை எண்ணினார்.
எதிர்ப்பு இல்லை. நடுநிலை இல்லை.

தேநீர் இடைவேளையில் அவர் சன்னலோரம் போய்
ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தார்.
வெதுவெதுப்பு, பால் கலந்த உப்புத் தேநீரைவிடக் குறைவு.
"வெப்ப நிலையத்திலேயே இப்படியா?
இதற்கு யார் பொறுப்பு?"
அவர் கண் என் நோட்டைத் தேடியது.
நூறு சதவீதமும் நீங்கள்தான் என்று நான் சொல்லவில்லை.
பாவம், மூக்கு சிவந்திருந்தது.
இன்னொரு கோப்பை ஊற்றிக் கொடுத்தேன்.

அன்றிரவு குறிப்பைப் படியெடுக்கையில்
யாரும் கேட்காத ஒரு வரியைச் சேர்த்தேன்:
'நேற்றிரவு இரண்டு மணிக்கு மூன்றாம் கொதிகலன் வெடித்துக் கசிந்தபோது
வெல்டர் பூரெவ்சுரென் கழித்துப்போட்ட குழாயில் ஒரு முழம் வெட்டி
ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு உள்ளே போய்
அதை ஒட்டவைத்தார்.'

பெயர், நேரம், வினை, எல்லாம் வெளிச்சத்தில்.
தட்டச்சில் அந்த வரி மட்டும்
வேறு யாரோ எழுதியதுபோல் இருந்தது.

திருத்தப்பட்ட பிரதி வெள்ளிக்கிழமை திரும்பி வந்தது.
அந்த வரி நீக்கப்பட்டிருந்தது.

நோட்டில் இருக்கிறது, பென்சிலில்.
பூரெவ் இன்று காலையும் வந்து கேட்டுவிட்டுப் போனார்,
குழாய் எப்போது வரும் என்று.